செவலை மாட்டைத் தேடி வந்தவன்

மாட்டு டாக்டரிடம் மாடு பேசாது. அதனால் மாட்டைச் சுற்றி இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வீட்டுக்காரம்மா வேறொன்று சொல்வார், தீவனம் போடுகிறவர் இரண்டையும் மறுப்பார். யாரும் முழுப்பொய் சொல்வதில்லை. அவரவர் மானத்துக்குப் பங்கம் வராத அளவுக்குச் சொல்வார்கள். மிச்சத்தை நாம்தான் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. அரசுக் கால்நடை மருத்துவர் சுடர்விழி என்று பெயர்ப்பலகை தொங்கினாலும் பாதி நேரம் நான் செய்வது விசாரணை வேலைதான். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்று என் வீட்டுக்காரர் இளவழகன் சொல்வார். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு சொல்வதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

இந்தப் புத்தியை என் சொந்தக் குடும்பத்தின் பக்கம் நான் திருப்பியதே இல்லை. போன மாசியில்தான் திருப்பினேன்.

எங்கள் ஊர் ஆலத்திடல், பாபநாசத்துக்குத் தெற்கே. எங்கள் குலதெய்வம் வீரனாரோ முப்பது கிலோமீட்டர் தள்ளி, நீடாமங்கலத்தையும் தாண்டி, கருக்கங்குடியில் இருக்கிறார். அந்த ஊரில் எங்களுக்கு நிலம் இல்லை, வீடு இல்லை, கொண்டான் கொடுத்தான் உறவும் இல்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் மாசி மாதம் வேன் பிடித்துப் போவோம். போய் வெளியே நிற்போம். கோயில் மதிலுக்கு வெளியே மூன்று செங்கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்து, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். சின்ன வயதில் எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. ஊர்ப் பெரிய கோயிலில் எங்கள் தெரு ஆட்கள் வெளியே நின்ற கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். சாமி கும்பிடுவது என்றாலே வெளியே நிற்பதுதான் என்று நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகுதான் உறைத்தது. இது பண்ணையாள் தெருவில், எங்கள் ஆட்களே கல் நட்டுக் கும்பிட்ட கோயில். இங்கேயும் நாங்கள் ஏன் வெளியே?

என் பெண்ணுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. காது குத்த வேண்டும். இளவழகன் வீட்டுச் சாமி வேறாக இருந்தாலும், என் பிறந்த வீட்டுக் குலதெய்வத்தின் முன்னால், உள்ளே வைத்துத்தான் குத்துவேன் என்று நான் முடிவு செய்துவிட்டேன். போன மாசியில் அப்பா மருதையன் என் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, கோயில் பெரியதனக்காரரிடம் நேரே போய்க் கேட்டேன்.

அவர் பெயர் பஞ்சநதம். எழுபத்தைந்து வயதுக்கு மேல். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா, கையில் குடை, முகத்தில் யாரையும் நம்பாத பார்வை.

"தலைக்கட்டு உள்ளவங்கதான் உள்ள பொங்க வைக்கலாம், காது குத்தலாம். உங்களுக்கு இங்க தலைக்கட்டு கெடையாதும்மா" என்றார். பங்காளி என்று கோயில் ஏற்றுக்கொண்ட வீட்டுக்குத்தான் தலைக்கட்டு என்று பெயர்.

"ஏன் கெடையாது? எங்களுக்கும் இதே சாமிதானே?"

"சாமி இதேதான். உங்க ஆளுதான் ஓடிப்போயிட்டாரு."

பிறகு அவர் விவரமாகவே சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் வைரக்கண்ணு, என் அப்பாவுக்குத் தாத்தா. தம்பி ரெத்தினம், பஞ்சநதத்துக்குத் தாத்தா. இரண்டு பேரும் கருக்கங்குடிப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த பண்ணையாட்கள்.

"உங்க ஆளு பொண்டாட்டி புள்ளயக் கூட்டிக்கிட்டு கம்பி நீட்டிட்டாரு. பண்ணையில சும்மா விடுவானா? இருந்த தம்பியப் புடிச்சு, களத்துல மரத்தோட கட்டிச் சவுக்கால அடிச்சான். சாணியக் கரைச்சு வாயில ஊத்தினான். எங்க தாத்தா முதுகுல பதினாலு தழும்பு. நான் எண்ணியிருக்கேன். எட்டு வயசுலேர்ந்து அவரு சாகுற வரைக்கும் அந்த முதுகுக்கு எண்ணெ தேச்சவன் நான். உழுதுபோட்ட வயலு காஞ்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அந்தத் தோலு."

இழுத்துக்கொண்டிருந்த அப்பாவின் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

"நாங்க ஒங்கள வெரட்டல. வரீங்க, கும்புடுறீங்க, நல்லா இருங்க. ஆனா உள்ள கெடையாது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வேனில் திரும்பும்போது முதல் பத்து கிலோமீட்டர் கோபமாக இருந்தது. வெட்டாற்றுப் பாலம் வந்தபோது கோபம் போய்ச் சந்தேகம் வந்தது. ஓடுகிறவன் எங்கே ஓடுவான்? அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கு ஓடினார்கள், கொழும்புக்கு ஓடினார்கள். ஒரு பண்ணையிலிருந்து ஓடியவன், முப்பது கிலோமீட்டரில் இன்னொரு பண்ணையில் போய் நின்று, நானும் உங்கள் அடிமைதான் என்பானா? அப்படியே நின்றாலும் மிராசுதாரர்கள் ஒருவருக்கொருவர் ஆளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே. சட்டி சுட்டது என்று அடுப்பில் குதித்த கதையாக அல்லவா இருக்கிறது.

"நம்ம வீட்ல என்னப்பா சொல்வாங்க?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"பொழைக்கப் போனாருன்னு சொல்வாங்க."

"பண்ணையாளு எப்படிப்பா பொழைக்கப் போவாரு? யாரு விடுவா?"

"விடும்மா. வெளிய நின்னாலும் சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். முப்பது வருஷம் வாய்க்காலுக்கு மதகு திறந்து மூடியவர். ஊருக்கெல்லாம் மதகைத் திறந்த மனுஷன் வாயை மட்டும் திறக்கமாட்டார்.

பங்குனியில் ஒரு காலை, எங்கள் ஊர்த் தியாகேசன் வீட்டிலிருந்து போன் வந்தது. பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது, உடனே வர வேண்டும் என்றார்கள். ஒரு காலத்தில் ஊரில் முக்கால்வாசி நிலம் அந்த வீட்டுக்குத்தான். இப்போது பத்து ஏக்கர், அதுவும் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். மகன் ராஜ்குமார் துபாயில். எழுபதைத் தாண்டிய தியாகேசனும் அவர் மனைவி மங்களாம்பிகையும் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். என் தாத்தா அந்த வீட்டுக்குக் கொல்லைப்புற வழியாகத்தான் போவார். நான் வாசல் வழியாக நுழைந்து கொல்லைக்குத்தான் போனேன். மாட்டை அங்கேதானே கட்டியிருப்பார்கள்.

கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கிக் கிடந்தது. தோள்வரை கையை விட்டு அதை நிமிர்த்தி, கயிறு கட்டி இழுத்து, நாற்பது நிமிஷம் போராடினேன். கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, செக்கச்செவேல் என்று.

"செவலை! மங்களா, செவலைக் கன்னுடி!" என்று தியாகேசன் உள்ளே பார்த்துக் கத்தினார். சந்தோஷத்தில் என்னைப் பார்த்து, "டாக்டர், இது லேசுப்பட்ட மாடு இல்லீங்க. எங்க பாட்டி சீரோட வந்த செவலையோட வழி. நூறு வருஷத்துக்கு மேல இந்தக் கொட்டில்ல இதே ரத்தம்" என்றார்.

தாய்ப்பசுவுக்குள் முக்கால்வாசி ஜெர்சி என்பது பார்த்தாலே தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் வழியைத்தான் கேட்டேன்.

"எந்த ஊர்லேர்ந்து வந்த சீருங்க?"

"நீடாமங்கலம் தாண்டி. கருக்கங்குடி."

கை கழுவிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். "சீர்ல வேற என்னல்லாம் வந்துச்சு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே ரொம்பச் சாதாரணமாகக் கேட்டது.

அவர் விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். இதைப் பலமுறை பலரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர் என்பது சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. "பதினோரு வண்டிங்க! தேக்குக் கட்டிலு, பித்தளை அண்டா, வெள்ளிக் குத்துவெளக்கு, செவலையோட சேத்து நாலு மாடு, அதுங்களப் பாத்துக்க ஒரு ஆள் குடும்…"

விரல் அந்தரத்தில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் யார் வீட்டுப் பெண் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

காபியோடு வந்த மங்களாம்பிகை கணவர் முகத்தைக் கவனிக்கவில்லை. "அந்த ஓடி வந்தவன் கதையச் சொன்னீங்களா? எங்க மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க டாக்டர். சீர் வண்டிங்க கெளம்பினதும் பின்னாடியே ஒரு எளவட்டப் பய ஓடி வந்திருக்கான். பதினெட்டு வயசு இருக்குமாம். வண்டிக்காரங்க சாட்டையக் காட்டி வெரட்டினா நின்னுக்குவானாம், வண்டி நகந்தா மறுபடி ஓடியாருவானாம். ஆத்தத் தாண்டி, இந்த வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டான். ஏன்டா வந்தேன்னு கேட்டா, 'செவலை என்னைய விட்டுட்டு இருக்காதுங்க'ன்னானாம்! பாருங்களேன், ஒரு மாட்டுக்காக அவ்வளவு தூரம். புதுப்பொண்ணா வந்த இவரு பாட்டிக்கு மனசு கேக்கல. இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. சீரோட வந்த ஆளு குடும்பத்தோட நாலு நாளு கொட்டில்லயே கெடந்தானாம். அஞ்சாம் நாளு கருக்கங்குடிலேர்ந்து ஆளு வந்து, கையக் கட்டி இழுத்துகிட்டுப் போயிட்டாங்களாம். மாட்டு மேல எவ்வளவு பாசம், பாவம்."

"மங்களா" என்றார் தியாகேசன்.

"அவன் பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் யாரு கேட்டா?" என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் விகல்பம் இல்லாமல்.

"சீரா வந்த ஆளு பேரு?"

அதற்குத் தியாகேசன்தான் பதில் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வைரக்கண்ணு." பிறகு, "அதெல்லாம் அந்தக் காலம்மா. நான் தப்பா ஒன்னும் நெனச்சு…"

"தப்பா சொல்லலீங்க. சரியாத்தான் சொன்னீங்க. இத்தனை நாளா எங்ககிட்ட ஏன் சொல்லலன்னுதான் பாக்குறேன்."

"யாரும் கேக்கலையேம்மா" என்றார்.

உண்மைதான். அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே நூறு அடி தூரம்கூட இல்லை. அதைத் தாண்டி வர அந்தக் கதைக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மாட்டுக்கு நான் எழுதித் தரும் அட்டையில் தாய் யார் என்று கேட்க ஒரு கட்டம் இருக்கும். அந்தச் செவலையின் தாயைக்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என் ஆளைப் பற்றிப் பெயருக்கு மேல் தெரிந்தது, மாட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவன் என்பதுதான்.

ஸ்கூட்டரில் ஏறும்வரை எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. தெருமுனையில் ஒரு டிராக்டர்காரர் வழிகேட்டு ஹாரன் அடித்தார். அவரை நான் திட்டிய திட்டுக்கு அவர் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி, "ஒடம்பு சரியில்லயா டாக்டரம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

அன்று மத்தியானம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"ஓடிப்போனது நம்ம ஆளு இல்லப்பா. ஓடினது தம்பி. அண்ணனை வண்டியோட கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு பின்னாடியே ஓடியிருக்காரு. அதுக்குத்தான் அந்த அடி. வைகாசிப் படையலுக்கு எல்லாப் பங்காளியும் கூடுவாங்கல்ல, அங்க போயிச் சொல்லுவோம்."

அப்பா தள்ளி வைத்த தட்டையே பார்த்தார். "மாட்டத் தேடித்தான் வந்தேன்னு அவரே சொல்லியிருக்காரேம்மா" என்றார்.

"அது பயத்துல சொன்னது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. அண்ணனுக்காகத்தான் ஓடியிருப்பார் என்று தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டு ஊசி போட முடியாது.

"அதுவும் இல்லாம," என்றார் அப்பா, "ஓடிப்போனவன் பேரன்னு சொன்னா மதிலுக்கு வெளியவாச்சும் நிக்கலாம். மாட்டோட மாடா குடுத்துவிட்டவன் பேரன்னு நம்ம வாயாலயே சொல்லிட்டா, அப்பறம் எங்கம்மா போயி நிக்கிறது?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. என் தாத்தாவுக்கு இது தெரிந்திருக்கும். அவர் அப்பாவிடம் 'பொழைக்கப் போனாரு' என்று மாற்றிச் சொல்லியிருப்பார். பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று. அந்தப் பொய்க்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாசம்தான் வந்தது. ஆனால் அந்தப் பொய்யால்தான் நாங்கள் வெளியே நிற்கிறோம்.

"குடுத்தவனுக்குத்தானேப்பா அசிங்கம்? நமக்கு என்ன?" என்றேன்.

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

அதன் பிறகு இரண்டு மாதம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வைகாசிப் படையலன்று காலையில் நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "புள்ளைக்குக் காது குத்தணுமில்ல" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

அறுவடை முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. கருக்கங்குடிக் கோயிலில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பஞ்சநதம் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மதில் வாசலில் நின்று, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். வழிநெடுக மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றும் அங்கே பொருந்தவில்லை. அத்தனை முகம், அத்தனை சின்னப் பிள்ளைகள். என்னவென்று ஆரம்பிப்பது? எங்களைச் சீராகக் கொடுத்தார்கள் என்றா?

அப்பா என்னைத் தாண்டி முன்னால் போனார்.

"எங்க தாத்தா ஓடிப்போகலீங்க" என்றார். "இந்த ஊருப் பண்ணையாரு பொண்ணுக்கு எங்க ஊர்ல கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்க. கட்டிலு, அண்டா, நாலு மாடு குடுத்தாங்க. மாட்டோட சேத்து எங்க தாத்தாவையும் பாட்டியையும் கைப்புள்ளையையும் குடுத்துட்டாங்க. அவரு போகல. அவர அனுப்பிட்டாங்க."

ஓரமாக நின்ற ஒரு இளைஞன், "இதையெல்லாம் வெளிய சொல்லாதீங்க மாமா" என்றான், மெதுவாக. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னது?" என்று கேட்டார் பஞ்சநதம்.

"அந்த வீட்டுக்காரரே" என்றேன் நான்.

"அவன் சொன்னா நம்பிடுவியா? பூனை கருவாட்டுக்குச் சாட்சி சொன்ன மாதிரி இருக்கு. சரி, உங்க ஆளு ஓடலன்னா எங்க தாத்தாவ ஏன் அடிச்சான்? சும்மா அடிச்சானா?"

"ஓடினது உங்க தாத்தா. சீர் வண்டி பின்னாடியே எங்க ஊரு வரைக்கும் ஓடி வந்திருக்காரு. நாலு நாள் கழிச்சுப் புடிச்சு இழுத்துகிட்டு வந்து அடிச்சிருக்காங்க."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "எதுக்கு ஓடியாந்தாராம்?"

எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். எதையும் கூட்டவில்லை. "அந்த வீட்ல கேட்டப்ப, செவலை மாடு என்னைய விட்டுட்டு இருக்காதுன்னு சொன்னாராம். மாட்டுக்காக வந்தான்னுதான் அவங்க இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க."

பஞ்சநதம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"மாட்டுக்கா? எங்க தாத்தாவா? ஏம்மா, அவரு மாட்டுப் பக்கமே போகமாட்டாரு! சின்ன வயசுல ஒரு காளை முட்டித் தூக்கிப் போட்டுடுச்சு. அதுலேர்ந்து மாடுன்னா அப்படி ஒரு நடுக்கம். கடைசி வரைக்கும் மம்பட்டி வேலைதான், ஏரு புடிக்கமாட்டாரு. எதுத்தாப்புல கன்னுக்குட்டி வந்தாலே வரப்ப விட்டு எறங்கிடுவாரு. ஊரே கிண்டல் பண்ணும். அவராவது, மாட்டுக்காக ஓடுறதாவது…"

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதற்கு அடியில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. நான் இரண்டு மாதமாகத் தேடிய பதில் அவரிடம் இருந்திருக்கிறது, அது பதில் என்று தெரியாமலே.

"அப்ப அவரு அண்ணனத் தேடித்தான்…" என்றார். வேறு யாரிடமோ கேட்பதுபோல் இருந்தது.

அடுப்பு மூட்ட வந்த பெண்கள் விறகோடு அப்படியே நின்றார்கள்.

"நான் எண்ணெ தேய்க்கிறப்பல்லாம் திட்டுவேன்" என்றார் பஞ்சநதம். "அந்த ஓடுகாலிப் பயலாலதானே தாத்தா உனக்கு இப்படி ஆச்சுன்னு. ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். அவருக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சுகிட்டு. 'போதும்டா, விடு'ம்பாரு. எண்ணெ போதும்ங்கிறாருன்னு நெனச்சேன். இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துத் திட்டுவேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அவரு அண்ணன அவரு முன்னாடியே திட்டியிருக்கேன்ம்மா. ஒரு தடவயாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே கெழவன்."

ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. அண்ணனை மாடு கன்றோடு அனுப்பிவிட்டார்கள் என்பதைப் பேரனிடம் சொல்ல வாய் வராமல் இருந்திருக்கலாம். ஓடிப்போனான் என்று ஊர் நினைத்தால் அண்ணனுக்கு அது கௌரவம் என்று விட்டிருக்கலாம். இறந்தவர்களை விசாரிக்க எனக்கு வழி தெரியாது.

பஞ்சநதம் எழுந்து மதில் வாசலுக்கு வந்தார். குடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டார்.

"நாலு நாளு இருந்தாருன்னு சொன்னியே, எங்க தங்கியிருந்தாரு?"

"கொட்டில்ல. எங்க ஆளு குடும்பத்தையும் அங்கதான் தங்க வச்சிருந்தாங்களாம்."

"மாட்டுக் கொட்டில்லயா?"

"ஆமா."

"மாடுங்க கட்டியிருந்துச்சா?"

"சீரா வந்த நாலு மாடு. வீட்டு மாடுங்க வேற. பத்துப் பதினஞ்சாவது இருந்திருக்கும்."

"பத்துப் பதினஞ்சு மாடு" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "நாலு நாளும் அதுக்கு நடுவுலயேவா படுத்துக் கெடந்தாரு?"

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஞ்சநதம் உள்ளே திரும்பி, அடுப்பங்கரையில் நின்ற பெண்களிடம் குரல் கொடுத்தார். "மொதப் பானைய எறக்குங்க. அது நம்மளுது இல்ல. அண்ணன் வழி இருக்கறப்ப தம்பி வழி எப்படி மொதப் பானை வைக்கிறது? நூறு வருஷமா தப்பா வச்சிருக்கோம்."

"சேந்து வைப்போம்ண்ணே" என்றார் அப்பா.

"மொறைன்னா மொறைதான்" என்று பஞ்சநதம் பெரியப்பா அதட்டினார். அப்பா தயங்கவில்லை. என் இடுப்பிலிருந்த பெண்ணை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.